பதினோராவது பெயர்

பிரியதர்ஷினி ஒரு நாளைக்கு நான்கு பூச்சுக்கு மேல் சுரண்டுவதில்லை. வேலை தொடங்கிய அன்றே அதைச் சொல்லிவிட்டாள். அதனால் எனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ண முடிந்தது. பன்னிரண்டு பூச்சு. மூன்று நாள்.

எங்கள் மாதா கோயில் வளாகத்தில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் ஒரு தூண் நிற்கிறது. மூன்று படி, செம்புறாங்கல்லில் எழுப்பிய சதுர உடம்பு, உச்சியில் சிலுவை. முதல் உலகப் போருக்குக் கூலியாட்கள் படையில் போய்த் திரும்பாத எங்கள் ஊர்க்காரர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. துப்பாக்கி தூக்கப் போனவர்கள் இல்லை. ஈராக்கின் பாஸ்ரா துறைமுகத்தில் மூட்டை இறக்கவும் தண்டவாளம் போடவும் போனவர்கள். மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்து வெயிலுக்குப் பழகியவர்கள் என்று பொறுக்கிக் கூட்டிப் போனார்களாம். ஊரில் அந்தத் தூணுக்குப் பெயர் ‘கல்லு’. அதில் பெயர் உள்ள குடும்பங்களுக்குப் பெயர் ‘கல்லு வீட்டுக்காரங்க’.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின சனிக்கிழமை கல்லு வீட்டுக்காரர்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பு கரைத்துத் தூணுக்கு ஒரு பூச்சு அடிப்பார்கள். சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் பிடித்துக்கொள்ள உப்புப் போட வேண்டும். வீட்டுக்கு ஒரு பிடி உப்பு என்பது வழக்கம். தன் பாத்தி உப்பையே கொண்டுவந்து தன் கையாலேயே வாளியில் போட வேண்டும். பூச்சு காய்ந்ததும் நான் கறுப்பு எனாமலில் பெயர்களை எழுதுவேன். திருநாளன்று சாமியார் பெயர்களை வாசிக்க வாசிக்க, அந்தந்த வீட்டார் வந்து படியில் மெழுகுவத்தி வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கல்லறைகளுக்குப் போகலாம். தேர்த் திருவிழாவில் தேரின் முன்தண்டைத் தோளில் வாங்கும் உரிமையும் அவர்களுக்குத்தான்.

இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன். ஊர்ப்புற நூலகத்தில் வேலை, கையெழுத்து நன்றாக இருக்கும், அதிகம் பேசமாட்டேன். இந்த மூன்றையும் சேர்த்து ஊர் என்னைப் படித்தவனாக வைத்திருந்தது. எனக்குப் பதில் தெரியாத இடங்களில் நான் பேசாமல் இருப்பேன். ‘சாலமன் சொல்லமாட்டேங்குறான், ஆனா தெரியும்’ என்பார்கள்.

சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் பழைய எழுத்தைப் பார்த்து ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொள்வேன். அடித்த பிறகு தாளைப் பார்த்துத் தூணில் எழுதுவேன். நடுவில் சில மணி நேரம் தூண் வெறும் வெள்ளையாக நிற்கும். அந்த நேரத்தில் பெயர்கள் என் சட்டைப்பையில் மட்டும் இருக்கும். 2012ஆம் வருஷம் அந்தத் தாளில் பத்துப் பெயர்கள் இருந்தன. தூணில் பதினொன்று எழுதினேன்.

பதினோராவது பெயர் சின்னப்பன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம். பெயர்கள் சுண்ணாம்புக்கு அடியில் கல்லிலேயே வெட்டியிருப்பதாக ஊர் நம்பியது. விரலால் தடவினால் எழுத்தின் மேடு தட்டுப்படும். போன வருஷம் மறைந்துபோன பெயர் இந்த வருஷம் தெளிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சின்னப்பன் என் நண்பன் இருசப்பனின் தாத்தா. நானும் இருசப்பனும் ஒரே வகுப்பு. அவன் உப்பளத்துக்குப் போனான், நான் புத்தகத்துக்கு வந்தேன். சின்னப்பனும் பாஸ்ராவுக்குப் போனவர்தான், திரும்பாதவர்தான். ஆனால் கல்லில் அவர் பெயர் இல்லை. வழியில் ஏதோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்து ஓடிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 2011 தேர்த் திருவிழாவில் முன்தண்டுக்கு ஓர் ஆள் குறைந்தது. இருசப்பன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தான். எல்லோரும் நிற்க, நான் சொன்னேன்.

“டேய், கப்பல்லேர்ந்து ஓடினவன் பேரன்டா நீ. தேரைத் தூக்கினு நீயும் ஓடிட்டா மாதாவுக்கு யார்றா பதில் சொல்றது?”

ஊரே சிரித்தது. இருசப்பனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பின்தண்டுக்குப் போனான். அடுத்த ஆகஸ்டில் கிட்னி கெட்டு இறந்துபோனான். ஆஸ்பத்திரிக்கு ஏழு தடவை போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு தடவையும் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, கேட்காமல், பஸ் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து வந்தேன். அக்டோபரில் பிரஷ் கையில் இருந்தபோது அந்தப் பெயரை எழுதினேன்.

திருநாளன்று நான் எழுதிக் கொடுத்த தாளைத்தான் சாமியார் வாசித்தார். பதினோராவது பெயர் வந்ததும் கூட்டத்தில் ஓர் அசைவும் இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து இருசப்பனின் மனைவி லூர்துமேரி வந்தாள். கையில் புருஷன் கல்லறைக்கு வாங்கிய மெழுகுவத்தி. அதைக் கல்லின் படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் நின்றேன். பன்னிரண்டு வருஷமாக அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வருஷா வருஷம் ஒரு பிடி உப்போடு வந்து வாளியில் போட்டுவிட்டுப் போவாள்.

போன வருஷ மழையில் தூணின் இடுப்புப் பக்கம் தட்டுத் தட்டாக உதிர்ந்தது. புதிதாக வந்திருந்த ஃபாதர் எட்வின் புதுச்சேரியிலிருந்து பிரியதர்ஷினியைக் கூட்டி வந்தார். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற பெண். உதிர்ந்த தூளை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு யாரு சார் போடுறது?”

“நாங்கதான். வீட்டுக்கு ஒரு பிடி.”

“நூறு வருஷமாவா?” சிரித்துவிட்டாள். “கடல்காத்து அரிக்குதுன்னு ஃபாதர் சொன்னாரு. காத்து மேல பழி போடாதீங்க சார். நீங்களே பிடி பிடியா போட்டு அரிச்சிருக்கீங்க.”

பூச்சு முழுவதையும் எடுத்து, கல்லில் இறங்கிய உப்பைக் காகிதக் கூழ் வைத்து உறிஞ்சி எடுத்தால்தான் தூண் நிற்கும் என்றாள். கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவை ஒப்புக்கொண்டது. முதல் பெயருக்குச் சொந்தக்காரரான தங்கராசு, “எடுங்க, எடுங்க. எங்க கொள்ளுத் தாத்தா பேரு கல்லுல எப்படி வெட்டியிருக்குதுன்னு நானும் பாக்கணும்” என்றார். கூட இருந்து பார்த்துக்கொள்ள என்னை நியமித்தார்கள். எழுத்து தெரிந்தவன் நான்தானே.

அவள் வேலை செய்யும் விதம் எனக்குத் திகிலாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கத்தி போல ஒன்றால் ஒரு பூச்சை மட்டும் தோல் உரிப்பதுபோல் எடுப்பாள். அடியில் போன வருஷத்து எழுத்து வரும். போட்டோ எடுப்பாள், எண் போடுவாள். அடுத்த பூச்சு. அதற்கு முந்தின வருஷத்து எழுத்து. என் கையெழுத்தை நானே பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரோனா வருஷத்தில் கை கொஞ்சம் நடுங்கியிருந்தது. யாரும் வராத அந்தத் திருநாளிலும் பதினொன்றையும் எழுதியிருந்தேன்.

முதல் நாள் மாலை நான்கு பூச்சு போனது. சின்னப்பன் இருந்தார்.

இரண்டாம் நாள் மாலை எட்டு. சின்னப்பன் இருந்தார்.

“இதை எல்லாம் ரிப்போர்ட்ல போடுவீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு லேயரும் போடணும் சார். போட்டோவோட. ஃபாதருக்கு ஒண்ணு, பேரவைக்கு ஒண்ணு.”

“எழுத்துல ஏதாச்சும் மாறியிருந்தா?”

“அதுதான் சார் இன்ட்ரஸ்டிங்கே.”

மூன்றாம் நாள் காலை, அவள் வருவதற்கு முன்னால் நான் உப்பளத்துக்குப் போனேன். லூர்துமேரிக்கு முதலில் தெரிய வேண்டும். என் வாயால் தெரிய வேண்டும். அதற்குமேல் எதையும் யோசித்து வைக்கவில்லை.

செப்டம்பர் கடைசி. மழைக்கு முன் கடைசியாக உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வரப்பு ஓரம் குவித்திருந்த உப்பின் மேல் ஆண்கள் தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். லூர்துமேரி கூடையை இறக்கிவிட்டுச் சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

“இன்னாண்ணா, காலங்காத்தால? லைப்ரரிக்கு ஆளு வர்றதில்லன்னு இங்க புஸ்தகம் விக்க வந்துட்டீங்களா?”

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் வரப்பில் நின்றேன். காலுக்குக் கீழே ஈரமண் அமுங்கியது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி வந்தாள்.

“கல்லைச் சொரண்டுறாங்கன்னு சொன்னாங்க” என்றாள். “அதுக்குத்தான் வந்தீங்களா?”

தலையசைத்தேன்.

“உள்ள எங்க தாத்தா பேரு இருக்காதுல்ல?”

அவள் உப்புக் குவியலைப் பார்த்தபடி பேசினாள்.

“எனக்குத் தெரியும்ணா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தக் கல்லைப் பாக்குறேன். பத்துதான். நீங்கதான் பதினொண்ணு எழுதினீங்க. சும்மா எழுதுற ஆளா நீங்க? எங்கியோ காயிதம் பாத்திருக்கீங்க. இவரு பூட்ட சோகத்துல இருக்கேன்னு என்கிட்ட சொல்லாம எழுதிட்டீங்க. அந்தக் காயிதம் பத்திரமா இருக்குதுல்ல?”

பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

“ஒண்ணு சொல்லட்டுமாண்ணா? இவரு அந்தப் பேரைப் பாக்காமப் பூட்டாரே, அது நல்லதாப் போச்சு. தாத்தா செத்துட்டாருன்னு இவரு நம்பினதே இல்ல. கப்பல்லேர்ந்து எறங்கி பாஸ்ராவுல சாயாக்கடை வச்சிருப்பாரு, நமக்கு அங்க சொந்தக்காரங்க இருப்பாங்கன்னு சொல்லினே இருப்பாரு. டிவியில அந்தப் பக்கம் குண்டு போட்டா, ‘ஐயோ நம்ம பங்காளிங்க’ம்பாரு. நீங்க தேரண்ட ஒரு தபா சொன்னீங்களாமே, இவரு தேரைத் தூக்கினு ஓடிடுவாருன்னு. ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சாலமன் ஒருத்தன்தான் எங்க தாத்தா பொழைச்சாருன்னு ஊர் முன்னால ஒத்துக்கினான்னு.”

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சும்மாட்டைத் தலையில் வைத்தாள்.

“அந்தக் காயிதத்தை எனக்கும் ஒரு நாள் காமிங்கண்ணா. படிக்கத் தெரியாது. சும்மா தொட்டுப் பாக்கணும்.”

கூடையோடு வரப்பில் நடந்து போனாள். நான் பேசாமல் நின்றேன். அதையும் அவள் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்.

கோயிலுக்கு வரும் வழியில் சைக்கிளை இரண்டு முறை நிறுத்தினேன். இருசப்பன் சிரித்தது வலியை மறைக்க என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். அவன் உண்மையாகவே சிரித்திருக்கிறான். அப்படியென்றால் நான் எதற்குப் பரிகாரமாக அந்தப் பெயரை எழுதினேன்? அவன் உயிரோடு வைத்திருந்த ஒரு மனிதரை அவன் செத்த மூன்றாம் மாதம் நான் கல்லில் எழுதிக் கொன்றிருக்கிறேன். அவன் மனைவி அதை நம்பி, பன்னிரண்டு முறை மெழுகுவத்தி வைத்திருக்கிறாள்.

அன்று மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டாம் பூச்சு உரிந்தது. பிரியதர்ஷினி கத்தியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளித்து, பிரஷ்ஷால் தட்டி, மறுபடியும் பார்த்தாள்.

“சார், கடைசிப் பேர் இங்க இல்ல.”

“ம்.”

“மேல பன்னெண்டு லேயர்லதான் இருக்குது. அதுக்குக் கீழ வெறும் சுண்ணாம்பு.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இருபத்தஞ்சு வருஷமா நீங்கதான எழுதுறீங்க?”

“ஆமாம்மா.”

“சார், நான் எழுதாம விட முடியாது.”

“எழுதும்மா” என்றேன்.

பயந்தது நடந்துவிட்டால் பயம் போய்விடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். போகவில்லை. ரிப்போர்ட் பேரவைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கீழ்ப் பூச்சுகளில் அவ்வளவு நிதானம் தேவைப்படவில்லை. தூணின் ஒரு மூலையில் படிக்கட்டு மாதிரி வெட்டி ஒவ்வொரு காலத்தையும் அடையாளம் வைத்துவிட்டு, மற்ற இடத்தில் கட்டுக் கட்டாகப் பெயர்த்தாள். என் எழுத்து முடிந்து, எனக்கு முன் எழுதிய, பூசை வேலைகளுக்கு உதவிய கோயில்பிள்ளையின் சாய்ந்த எழுத்து வந்தது. பத்து. இன்னும் கீழே போனதும் ஒன்பது. அவள் மறுபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அதற்கும் கீழே எட்டு. தங்கராசு வீட்டுப் பெயர் முதலிடத்திலிருந்து மூன்றாவதுக்கு இறங்கியது. இன்னும் கீழே ஆறு பெயர். தங்கராசு வீட்டுப் பெயர் கடைசியில். எனாமல் போய், விளக்குக் கரியில் எழுதிய எழுத்து. அதற்கும் கீழே பதினைந்து பூச்சில் எழுத்தே இல்லை.

பிறகு கல் வந்தது. தடவிப் பார்த்து எழுத்தென்று நாங்கள் நினைத்திருந்த மேடெல்லாம் எனாமலின் தடிப்பு. பெயர் எழுதும் இடத்துக்குக் கீழே, ஒரு முழ அகலத்தில் கருங்கல் பலகை. அதில் நான்கு வரி ஆங்கிலம். ஃபாதர் எட்வின் முட்டி போட்டு உட்கார்ந்து படித்துத் தமிழில் சொன்னார்.

“இந்தக் கிராமத்திலிருந்து இருபத்தேழு பேர் பெரும் போருக்குச் சென்றனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு முதல் பத்தொன்பது வரை. அவர்களில் நான்கு பேர் தம் உயிரைக் கொடுத்தனர்.” எழுந்து முட்டியைத் தட்டினார். “பேர்?”

“பேர் இல்ல ஃபாதர்” என்றாள் பிரியதர்ஷினி. “வெட்டவே இல்ல.”

ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்வி அறையில் கூடினார்கள். கூட்டம் வெளி வராந்தாவரை நின்றது. ஃபாதர் போட்டோக்களைச் சுவரில் ஒட்டியிருந்தார். நாலு பேர் செத்ததற்கு ஆறு வீடு, பிறகு எட்டு வீடு, பத்து வீடு. ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெயர் எந்தப் பூச்சில் தொடங்குகிறது என்று விரல் வைத்துத் தேடினார்கள்.

“நாலு பேருக்குப் பதினொரு மெழுகுவத்தி. சாமிக்கே குழப்பமா இருந்திருக்கும்” என்று வெளியிலிருந்து யாரோ ஒருவன் சொன்னான். சிரிப்பு எழுந்து, தங்கராசு திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

தங்கராசுவுக்கு அன்று நல்ல நாள் இல்லை. முதல் பெயர் கடைசிப் பெயராகிவிட்டது. அவர் எழுந்து நின்றார்.

“பழசை விடுங்க ஃபாதர். ஆறோ பத்தோ, அதெல்லாம் செத்துப் போனவங்க எழுதினது. அவங்க இன்னா தெரிஞ்சு எழுதினாங்களோ, நமக்குத் தெரியாது. பதினொண்ணாவது மட்டும் பன்னெண்டு வருஷத்து சரக்கு. நம்ம கண்ணு முன்னால வந்தது. பன்னெண்டு வருஷமா பிரஷ்ஷு யாரு கையில இருக்குது?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“அண்ணன் சும்மா எழுதுவாரா?”

பெண்கள் பக்கத்திலிருந்து லூர்துமேரி எழுந்து நின்றாள். பூசைக்கு உடுத்திய வெள்ளைப் புடவை. அவள் அந்த அறையில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

“உங்க பேருக்கெல்லாம் ஆதாரம் இல்லன்னு இந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. எங்க தாத்தா பேருக்கு இருக்குது. அண்ணன்கிட்ட காயிதம் இருக்குது. படிச்சுப் பாத்துத்தான் எழுதினாரு. ண்ணா, காமிங்கண்ணா.”

தலைக்கு மேல் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இதுவரை பேசாமல் இருந்தே எல்லாவற்றையும் கடந்திருக்கிறேன். இப்போதும் பேசாமல் இருந்தால், ‘தெரியும், சொல்லமாட்டேங்குறான்’ என்றுதான் ஊர் நினைக்கும். தங்கராசுகூட நினைப்பார். அவள் உட்கார்ந்துவிடுவாள். பதினொன்றும் அப்படியே நிலைத்துவிடும்.

“காயிதம் இல்லம்மா” என்றேன்.

“ஊட்ல இருக்குதா?”

“எங்கியும் இல்ல. நான் எதையும் படிக்கல. நானா எழுதினேன்.”

“எதுக்குய்யா?” என்றார் தங்கராசு. அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

“இருசப்பனை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். தேரண்ட. அவன் செத்துட்டான். அதுக்கு.”

“அதுக்கு இது எப்படி?”

எனக்கும் தெரியவில்லை. லூர்துமேரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்போ அவரு சாவலியா?”

“தெரியாதும்மா.”

“செத்தாருன்னு நீங்க பாக்கல.”

“பாக்கல.”

“பன்னெண்டு வருஷமா நான்…” என்று தொடங்கி நிறுத்தினாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் வெகுநேரம் யாரும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்த எத்தனையோ நேரங்கள் உண்டு. மற்றவர்கள் பேசாமல் இருக்கும்போது நடுவில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

தூணில் இனிப் பெயர் எழுதுவதில்லை, சுண்ணாம்பும் உப்பும் போடுவதில்லை என்று முடிவானது. பழைய பத்துப் பெயரையும் தாளில் பார்த்து வாசிப்பது. பதினொன்றாவதைப் பற்றி லூர்துமேரிதான் சொல்ல வேண்டும் என்றார் ஃபாதர். மறுநாள் உப்பளத்துக்கே போய்க் கேட்டிருக்கிறார். “எழுத வேணாம்” என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் அவள் என் பக்கம் பார்க்கவில்லை. மழை தொடங்கிவிட்டது. உப்பளத்தில் வேலை இல்லை. ரேஷன் கடை வரிசையில் ஒரு நாள் எனக்கு மூன்று ஆள் முன்னால் நின்றாள், திரும்பவில்லை. அவள் அழுதாளா, கோபப்பட்டாளா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. தூண் செம்புறாங்கல் நிறத்தில், எனக்கு அறிமுகமில்லாத ஆள்போல் நின்றது. ஃபாதர் தாளைப் பிரித்தார். பத்துப் பெயர். பத்து மெழுகுவத்தி. தங்கராசு தன் வீட்டு முறைக்கு வந்தபோது கருங்கல் பலகையிலிருந்த நான்கு என்ற எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, மெழுகுவத்தியைப் படியின் ஓரமாக வைத்தார்.

பத்துக்குப் பிறகு ஃபாதர் தாளை மடித்தார். ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். எல்லோரும் பதினொன்றுக்குக் காத்திருந்தார்கள்.

லூர்துமேரிதான் முதலில் நடந்தாள். கல்லைத் தாண்டி, நேராகப் புருஷன் கல்லறைப் பக்கம்.

“இன்னாம்மா, உங்க தாத்தாவை அம்போன்னு வுட்டுட்டியே?” என்றார் தங்கராசு. கேலிதான். ஆனால் பழைய கடுமை அதில் இல்லை.

அவள் நின்று திரும்பினாள்.

“அவரு எறங்கிட்டாருண்ணா. பாஸ்ராவுல.”

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. தங்கராசுவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள். கண் என்மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

“லைப்ரரியில மேப்பு இருக்குதா?”

“இருக்குது.”

“நாளைக்கு வர்றேன்.”

மறுநாள் எட்டு மணிக்கே நூலகத்தைத் திறந்தேன். பெரிய அட்லஸை எடுத்துத் தூசி தட்டி மேசையில் விரித்து வைத்தேன். பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. அவள் என்னிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று யோசித்து யோசித்து, பதில்களைத் தயார் செய்தேன். ஒன்றும் நன்றாக இல்லை. பதினொன்றுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தாள். உட்காரவில்லை. இருசப்பனைப் பற்றியோ அந்தப் பெயரைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நம்ம ஊரு எங்க?”

காட்டினேன்.

“பாஸ்ரா?”

காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் தன் கையை விரித்து வைத்து அளந்தாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

“எங்க கப்பல் ஏறினாங்க?”

“பம்பாயா இருக்கலாம். தெரியாது.”

“நடுவுல எங்கெல்லாம் நிக்கும்?”

“தெரியாதும்மா.”

“எறங்கினா இங்க ஆளுங்க சோறு போடுவாங்களா?” அவள் விரல் பாரசீக வளைகுடாவின் கரையில், பெயர் இல்லாத ஓர் இடத்தில் இருந்தது. உப்பு அறுத்த விரல். நகக்கண்ணில் வெள்ளைக் கோடு.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்தக் கரையில் மீனவர்கள் உண்டு, அங்கேயும் உப்பு விளையும், யாராவது போட்டிருப்பார்கள் என்று. நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியாது” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“சரி. தெரியலன்னா தெரியலன்னு சொல்றீங்க” என்றாள். பிறகு குனிந்து, அந்தக் கரையோரமாகவே விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள்.